ஆட்டுக்கால் சூப்பும் பூக்குழியும்

பங்குனி 1, ஞாயிறு

இந்த நாட்குறிப்பில் நான் எழுதப்போகும் கதையை உலகத்தில் ஒரு ஜீவனும் நம்பாது என்று என் ஆம்ப்ளிஃபயரின் தலையில் கைவைத்து உறுதி கூறுகிறேன். நம்பவும் வேண்டாம். நம்பும்படி எழுதுவதற்கு ஊரில் கிராம நிர்வாக அலுவலர் இருக்கிறார்.

நான் சோலையப்பன். சோலை சவுண்ட் சர்வீஸின் அதிபர், அறிவிப்பாளர், ஒயர் சுருட்டுபவர் எல்லாம் நானே. போடி மலையடிவாரத்தில் ஒரு காதுகுத்து நடந்தால் என் குரல் ஹார்னில் கிளம்பி, மலையில் முட்டி, கேரளத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும். மூணாறில் இரண்டு யானைகள் அதற்குத் தலையாட்டுவதாகத் தகவல். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எந்தப் பெண்ணின் காதும் தாங்காது. மரகதம் அக்கா வீட்டு மாடியறையில் குடியிருந்து அந்தக் குடும்பத்தைக் காத்து வருகிறேன். குடும்பம் இதை ஒப்புக்கொள்வதில்லை.

கதை இதுதான். வரும் பதினேழாம் தேதி நான் அம்மன் கோயில் பூக்குழியில் இறங்கப்போகிறேன். பூ என்றதும் மல்லிகையை நினைக்கும் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: நெருப்பு. நாற்பது வண்டி விறகை எரித்துத் தட்டிய கங்கு. நீளம் ஒரு மைல் இருக்கும். கையில் அக்காவின் பேத்தி குயிலியை ஏந்திக்கொண்டு அதில் நடப்பேன்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாக வாங்கிக்கொண்டது. மூன்று வருஷத்துக்கு முந்தைய திருவிழாவில் அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தவர்கள் பெயரை மைக்கில் வாசித்துக்கொண்டிருந்தேன். கூட்டம் கண் அசந்துபோனது. கூட்டம் அசந்தால் எனக்குப் பொறுக்காது. “தாயே! பிள்ளையில்லாத என் அக்கா மகள் சுகந்திக்கு ஒரு பிள்ளையைக் கொடு! அதை இந்தச் சோலையப்பனே கையில் ஏந்திப் பூக்குழி இறங்குவான்!” என்று ஒரு போடு போட்டேன். ஊர் கைதட்டியது. ஹார்ன் நேரே கருவறையைப் பார்த்துக் கட்டியிருந்ததால் அம்மனுக்கும் தெளிவாகக் கேட்டுவிட்டது. குயிலிக்கு இப்போது ஒன்றேகால் வயது.

போன வருஷம் என்றால் பயந்திருப்பேன். முட்டிவலி, இளைப்பு. ஹார்ன் கட்ட ஏணியில் ஏறினால் நாலாம் படியில் என் உயிர் என்னை முந்திக்கொண்டு மேலே போய்விடும். அப்போதுதான் பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் ஞாயிறுதோறும் அறை எடுக்கும் மூலிகை வைத்தியரைக் கண்டேன். சாம்பல் நிறப் பொடி. தினம் ஒரு சிட்டிகை. “ஆட்டுக்கால் சூப்புல மட்டும்தான் கலக்கணும். வேற எதுல போட்டாலும் குணம் மாறிப்போகும்” என்றார். நாலே நாளில் முட்டிவலி ஓடிவிட்டது. இளைப்பு ஓடிவிட்டது. பசி வந்தது பாருங்கள், அக்கா சோற்றுப் பானையை என்னிடமிருந்து ஒளித்துவைக்க ஆரம்பித்தாள். முகம் பௌர்ணமியாகிவிட்டது. வயிற்றில் செக்கச்செவேலென்று கோடு கோடாக வருகிறது. புலியாகிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

அக்காவுக்குப் பொடி தெரியாது. தன் சூப்புதான் தம்பியைத் தேற்றியது என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க நான் யார்?

பங்குனி 3, செவ்வாய்

இன்று காப்புக் கட்டினார்கள். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறியதும் பூசாரி, “இனி பூக்குழி முடியுறவரைக்கும் கட்டுப்பாடா இருக்கணும்” என்றார். நான் பிறந்ததே கட்டுப்பாட்டோடுதான் என்றேன். பக்கத்தில் நின்ற மாமா தும்மினார். பிச்சைமணி மாமா, அக்காவின் வீட்டுக்காரர். முப்பது வருஷம் அரசுப் பேருந்து ஓட்டியவர். ஹார்ன் அடித்த அளவுக்குக்கூட வாயைத் திறந்து பேசமாட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அறிவித்தாள்: “பூக்குழி முடியுற வரைக்கும் வீட்டுல கவுச்சி கிடையாது.”

“சூப்புமாக்கா?”

“ஆட்டுக்காலு என்ன முருங்கைக்காயாடா?”

நியாயம்தான். சூப்பு இல்லையென்றால் பொடியும் இல்லை. ரசத்தில் கலந்தால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. குணம் மாறினால்? மேலும் வருஷம் முழுக்க ஆட்டுக்காலோடு பழகிய பொடி. அதுவும் கவுச்சிக் கணக்கில்தான் சேரும். பொட்டலத்தை டேப் ரெக்கார்டர் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டேன். இத்தனை மாதம் சேர்த்த பலம் என்ன, இரண்டு வாரத்தில் கரைந்துவிடுமா?

பங்குனி 5, வியாழன்

நன்றாக இருக்கிறேன். நேற்றைவிட இரண்டு மடங்கு.

பங்குனி 6, வெள்ளி

மாடிப்படியில் யாரோ புதிதாகப் பத்துப் படி கூட்டிக் கட்டியிருக்கிறார்கள். அக்காவிடம் புகார் செய்தேன். நடுவழியில் உட்கார்ந்து ஊர் நிலவரத்தைச் சிந்தித்துவிட்டு மேலே வந்தேன்.

பங்குனி 8, ஞாயிறு

ஒத்திகை. குயிலியைத் தூக்கிக்கொண்டு கோயில் வரை போய் வருவது என்று திட்டம். புறப்படும்போது பஞ்சு மாதிரி இருந்தாள். ஐஸ்காரர் வீடு தாண்டியதும் அம்மிக்கல். கோயில் வாசலில் அவள் ஒரு லாரி சிமென்ட். அக்கா இவளுக்கு என்ன ஊட்டுகிறாள் என்று விசாரிக்க வேண்டும்.

சுகந்தி கூடவே வந்தாள். அவள் வீட்டுக்காரர் ராணுவத்தில். திருவிழாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

“மாமா, உங்க கை நடுங்குது.”

“அது நடுக்கமில்லம்மா. எக்கோ.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பிள்ளையை வாங்கிக்கொண்டாள். வீடு வரை திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை, தாய்ப்பாசத்தில் குறுக்கிடுவது என் வழக்கமல்ல.

பங்குனி 10, செவ்வாய்

என் வயிறு என்னைவிடக் கண்டிப்பாக விரதம் இருக்கிறது. இட்லியைப் பார்த்ததும் முகம் திருப்பிக்கொண்டது. ரசம் குடித்தேன், அது வந்த வழியே நன்றி சொல்லித் திரும்பியது. மூட்டெல்லாம் யாரோ ஸ்பேனர் போட்டு முறுக்குவதுபோல் இருக்கிறது. அம்மன் என் உடம்பைச் சர்வீஸ் செய்கிறாள் போலும்.

வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. முகம் மட்டும் இன்னும் பௌர்ணமி.

பங்குனி 11, புதன்

இன்று பூமியை வணங்கினேன். கோயில் முன் கம்பத்தில் ஹார்ன் கட்ட ஏணியில் கால் வைத்தபோது ஊர் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அந்த அதிசயத்துக்கு மரியாதை செய்யும் விதமாக நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். கூட்டம், “பக்தின்னா இதுய்யா” என்றது. மாமா மட்டும் டீக்கடையிலிருந்து ஓடிவந்து தூக்கினார். ஆட்டோ பிடித்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்.

அங்கே ஒரு நர்ஸம்மா பிரஷர் பார்த்தார். நம்பாமல் மறுபடி பார்த்தார். “எதாவது மருந்து மாத்திரை சாப்பிடுறீங்களா?”

“எங்க வம்சத்துலயே மாத்திரை முழுங்குனவன் கிடையாது” என்றேன். சத்தியமான வார்த்தை. பொடி மாத்திரை அல்ல. நான் அதை முழுங்குவதும் இல்லை, குடிப்பேன்.

“விரதமா? அதான். ஜூஸ் குடிங்க” என்று குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். இரண்டு மணி நேரம் ராஜாவாக இருந்தேன். பிறகு ராஜ்ஜியம் போய்விட்டது.

திரும்பும்போது மாமா ஆட்டோவில் கேட்டார்.

“மாப்ள, நெசமா சொல்லு. முடியுமா?”

“என்ன மாமா, இமயமலையத் தூக்கிட்டு நடக்கச் சொன்னாலும்...”

“இமயமலைய நான் கேக்கல. ஒம்பது கிலோப் பிள்ளையக் கேக்குறேன்.”

முப்பது வருஷ வண்டியோட்டி. வளைவில் எதிரே வருவது லாரியா, பஸ்ஸா என்று விளக்கு வெளிச்சத்திலேயே கண்டுபிடிப்பவர். அவர் பக்கம் திரும்பாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பங்குனி 14, சனி

எனக்குப் பதில் யாராவது இறங்க முடியுமா என்று பூசாரியிடம் வேறு யாருக்கோ கேட்பதுபோல் கேட்டேன். “காப்புக் கட்டாதவன் குழிக்குள்ள கால் வைக்க முடியாது. கட்டுறதுக்கு நாள் போச்சு” என்றார். நேர்ந்தவர்தான் இறங்க வேண்டுமாம். மைக்கில் நேர்ந்தால் இரட்டைக் கணக்காம். அது என் காதில் விழுந்தது, அவர் சொன்னாரா என்று தெரியாது.

டீக்கடையில் உட்கார்ந்து, “எனக்கு எந்திரிச்சு நிக்கவே முடியல” என்று சொல்லிப் பார்த்தேன். “ஆரம்பிச்சிட்டாருய்யா” என்று பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. மிச்சர் பொட்டலம் ஒன்றைப் பிரித்து என் முன்னால் வைத்து, “ம், மேல சொல்லுங்கண்ணே” என்றான் ஒருவன். மேலே சொல்ல ஒன்றும் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

அக்காவிடம் போனேன். “அக்கா, ஒரு மாதிரி இருக்கு.”

“எந்த மாதிரிடா? சிங்கம் மாதிரியா, யானை மாதிரியா?” என்றாள், குயிலியின் மஞ்சள் பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டே. கோத்து முடித்துத் தூக்கிப் பிடித்து அழகு பார்த்தாள். ஆறு வருஷம் பிள்ளையில்லாத மகளைப் பற்றி இந்தத் தெரு என்னென்ன பேசியது என்று எனக்குத் தெரியும். அக்கா அப்போது வாசல் தெளிக்கக்கூட விடிவதற்கு முன்பே போய்விட்டு வந்துவிடுவாள். இந்தப் பதினேழாம் தேதி அந்தத் தெருவே குழிக்கரையில் நிற்கும். அதற்காகத்தான் அந்த நாடா.

“யானை மாதிரிக்கா” என்றேன்.

பங்குனி 15, ஞாயிறு

காய்ச்சல். லேசானது. என் நெற்றியில் தோசை வார்க்கலாம். வாயில் எதுவும் படக்கூடாது, விரதம்.

பங்குனி 16, திங்கள்

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பரிசோதனை செய்தேன். அரிசி ஒன்பது கிலோ, பையில் கட்டி, மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரிலிருந்து சுவருக்கு.

பரிசோதனை வெற்றி. நான் எதிர்ச் சுவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். அரிசி மட்டும் நடுவழியில் தங்கிவிட்டது. கையிலிருந்து அது எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை. அரிசிக்கு அடிபடாது. பொறுக்கி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பங்குனி 17, செவ்வாய்

தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று. மஞ்சள் வேட்டி. குயிலிக்கும் மஞ்சள் பாவாடை, அழகாக இருக்கிறாள். போகிறேன்.

பங்குனி 20, வெள்ளி

பெரியாஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன்; யமன் வந்தான், என் பேச்சைத் தாங்காமல் ஓடிவிட்டான். குயிலிக்கு ஒரு கீறல் இல்லை. அதை முதலில் எழுதியிருக்க வேண்டும். குயிலிக்கு ஒரு கீறல் இல்லை.

குழிக்கரையில் விழுந்தேனாம். குழிக்குள் இறங்கவில்லையாம். கண் விழித்தபோது கையில் ஊசி, தலைமாட்டில் பாட்டில், கால்மாட்டில் மாமா.

இளவயது டாக்டரம்மா ஒருவர் வந்தார். என் முகத்தைப் பார்த்தார், கை காலைப் பார்த்தார், சட்டையைத் தூக்கிப் புலிக்கோடுகளைப் பார்த்தார்.

“என்ன மருந்து சாப்பிடுறீங்க?”

“எங்க வம்சத்துலயே...”

“முகம் இப்படி உப்பியிருக்கு. கை கால் குச்சியா இருக்கு. வயித்துல இந்தக் கோடு. எத்தனை மாசமா?”

“அது ஆட்டுக்கால் சூப்பு டாக்டர். அக்கா வைக்கிறது.”

“ஆட்டுக்கால் சூப்பு நானும்தான் குடிக்கிறேன். எனக்குக் கோடு வரல. சூப்புல என்ன போட்டீங்க?”

நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். மாமா எழுந்து வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“மாப்ள. பொய்யெல்லாம் எங்ககிட்ட சொல்லு, நாங்க கேட்டுக்கிறோம். இவங்ககிட்ட வேணாம்.”

டேப் ரெக்கார்டர் பெட்டி என்றேன். மாமா சாயங்காலமே பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். டாக்டரம்மா முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. “மூலிகையும் இருக்கும். ஆனா வேலை செஞ்சது ஸ்டீராய்டு” என்றார்.

பங்குனி 21, சனி

டாக்டரம்மா இன்று கட்டிலில் உட்கார்ந்து விளக்கினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பிறகு திருத்தி எழுதுகிறேன்.

“அந்தப் பொடியில இருக்கிறது மாதிரி ஒண்ணை உங்க உடம்பே தினமும் செய்யும். சிறுநீரகத்துக்கு மேல ரெண்டு சின்னச் சுரப்பி இருக்கு, அதோட வேலை அது. எவ்வளவு செய்யணும்னு ஆர்டர் போடுறது மூளை. ரத்தத்துல குறைஞ்சா ‘செய்’னு சொல்லும். நிறைஞ்சா பேசாம இருந்துக்கும். நீங்க ஒரு வருஷமா வெளியிலேருந்து கொட்டுனீங்க. நிறைய இருக்கேன்னு மூளை ஆர்டரை நிறுத்திருச்சு. ஆர்டர் இல்லாம அந்தச் சுரப்பி சுருங்கித் தூங்கிருச்சு. அப்புறம் ஒரே நாள்ல பொடியை நிறுத்திட்டீங்க.”

“நிறுத்துனா முழிச்சுக்க வேண்டியதுதானே டாக்டர்?”

“முழிக்கும். மாசக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் உடம்புல ஒண்ணுமே இல்ல. இதுல காய்ச்சல் வேற. காய்ச்சல் வந்தா மத்தவங்க உடம்பு கூடச் சுரந்து சமாளிக்கும். உங்களுக்கு ஏது? அதான் பிரஷர் தரைக்குப் போயிருச்சு. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தா என்கிட்ட கதை கேட்க நீங்க இருந்திருக்க மாட்டீங்க.”

இப்போது என் திருத்தம். மேடையில் பேசும்போது என் குரல் எனக்கே கேட்க, என்னைப் பார்த்து ஒரு சின்னப் பெட்டி வைத்துக்கொள்வேன். அதிகமாகக் கேட்டால் குறைப்பேன். அமுங்கினால் கூட்டுவேன். உடம்பும் அப்படித்தான், தன் சத்தத்தைத் தானே கேட்டுக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. எவனோ வெளியூர்க்காரன் எதிரில் நூறு ஹார்ன் கட்டி அலறவிட்டால் நான் என்ன செய்வேன்? எனக்கென்ன வேலை என்று ஒயரைச் சுருட்டி வைத்துப் படுத்துவிடுவேன். ஒரு வருஷம் படுத்தால் ஒயரை எலி கடித்திருக்கும். அவன் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் மூட்டை கட்டினால், அன்றைக்குத் திருவிழாவில் சத்தமே இருக்காது.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். “பாடப் புத்தகத்துல இதைவிட மோசமா எழுதியிருக்காங்க” என்று போய்விட்டார். பாராட்டு என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் எழுதிப் படித்துப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை லாட்ஜ் அறை வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்த கூட்டம் ஞாபகம் வருகிறது. அத்தனை பேரும் வீட்டுக்குப் போய் எதிலெதிலோ கலந்துகொண்டிருப்பார்கள். யாராவது ஒரு நாள் நிறுத்துவார்கள். மாமாவிடம் சொன்னேன். லாட்ஜுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அறை காலியாம், இரண்டு ஞாயிறாக ஆளே வரவில்லையாம். வைத்தியருக்கு இப்போது எந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்று யாருக்கும் தெரியவில்லை.

பங்குனி 22, ஞாயிறு

அக்கா இதுவரை வரவில்லை. சோறு மாமா கையில்தான் வருகிறது. கேட்டால், “வருவா” என்கிறார். இன்று சுகந்தி வந்தாள். அவளிடம் பிடுங்கினேன்.

குயிலிக்கு மூக்கு ஒழுகுகிறதாம். சாதாரணச் சளி. ஆனால் அக்கா சாமியறையை விட்டு வெளியே வருவதில்லையாம். நேர்த்தி நின்றுபோய்விட்டது, அம்மன் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பாள் என்று தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“அம்மா ராத்திரியெல்லாம் பிள்ளை மூக்குல கைய வச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கு மாமா. மூச்சு வருதான்னு.”

சுகந்தி போன பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் பொடி சாப்பிட்டேன், நானே நிறுத்தினேன், நானே விழுந்தேன். அக்கா என்ன செய்தாள்? சூப்பு வைத்தாள்.

பங்குனி 24, செவ்வாய்

அக்கா வந்தாள். ஒரு வாரத்தில் பத்து வயது கூடிவிட்டிருந்தது, இது மிகையல்ல. கட்டிலருகில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள். பொடி விஷயத்தை மாமா சொல்லியிருக்கிறார். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“ஆத்தா கோவிச்சுக்கிட்டாளாடா?”

மாமா ஜன்னல் பக்கம் நின்றார். டாக்டரம்மா சொன்ன சுரப்பி, ஆர்டர், தூக்கம் எல்லாவற்றையும் அக்காவிடம் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். அவள் கண் என் வாயைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. அது அவளைப் போய்ச் சேராது என்று தெரிந்தது. ஆகவே வேறு கேசட்டைப் போட்டேன்.

“அக்கா, யார்கிட்டயும் சொல்லாத. குழிக்கரையில நான் நிக்குறேன். தீ பனைமர உசரத்துக்கு எந்திரிக்குது. அதுக்குள்ளேயிருந்து அம்மன் வர்றா. மூக்குத்தி வெளிச்சத்துல எனக்குக் கண்ணு கூசுது. ‘சோலையப்பா, நீ தூக்கிட்டு வந்ததே போதும், பிள்ளைய நான் வாங்கிக்கிட்டேன், நேர்த்தி முடிஞ்சிருச்சு’ங்கிறா. சொல்லிட்டு ஒரு கை நீளுது. நான் பிள்ளைய அந்தக் கையில குடுத்தேன். அதுக்கப்புறம்தான் விழுந்தேன்.”

அக்கா என்னையே பார்த்தாள். ஐம்பது வருஷமாக என் கதைகளைக் கேட்டவள். யானை மாதிரி என்று நான் சொன்னதை நம்பி ஏமாந்தவள். மெதுவாகத் திரும்பினாள்.

“நீங்க பக்கத்துலதான நின்னீங்க. நீங்க சொல்லுங்க.”

மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. டிக்கெட் பரிசோதகர் கேட்டால், கூடவே வரும் மனைவியையே காட்டிக்கொடுப்பார். என் கதை அதோடு முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“மூக்குத்தியெல்லாம் நான் பாக்கல” என்றார் மாமா. “ஒரு கை நீண்டுச்சு. இவன் பிள்ளையக் குடுத்தான். அதைப் பாத்தேன்.”

அக்கா அப்படியே கட்டில் விளிம்பில் தலை சாய்த்து அழுதாள். அழுது முடித்துவிட்டு, நான் சாப்பிடாமல் வைத்திருந்த இட்லிக்காகத் திட்டினாள். நெடுநேரம் திட்டினாள். கேட்க நன்றாக இருந்தது.

பங்குனி 28, சனி

வீடு. மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போடவேண்டும். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்களாம், உள்ளே தூங்குகிறவர்கள் புரண்டு படுத்து, கண் திறந்து, தாங்களாகவே வேலைக்கு வரும் வரைக்கும். அவசரப்படுத்தக் கூடாதாம். காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்து அளவைக் கூட்டிக்கொள்ளவேண்டும்.

“எந்த விரதத்துக்கும் நிறுத்தக் கூடாது. சாமியே நேர்ல வந்து சொன்னாலும்” என்றார் டாக்டரம்மா.

“சாமி எங்கிட்ட அடிக்கடி பேசும் டாக்டர்.”

“என்கிட்டக் கேட்டுட்டுப் பேசச் சொல்லுங்க.”

மாடிக்கு ஏற முடியவில்லை. கீழ் அறையில் கட்டில் போட்டிருக்கிறார்கள். குயிலிக்குச் சளி விட்டுவிட்டது. தவழ்ந்து வந்து என் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூக்கச் சொல்லிக் கை நீட்டினாள். தூக்கவில்லை. குனிந்து முகத்தை மட்டும் கொடுத்தேன். பௌர்ணமியை இரண்டு கையாலும் அறைந்தாள்.

சித்திரை 6, ஞாயிறு

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தெருவே வந்துவிட்டது. அக்கா யாரிடமும் சொல்லவில்லை. அதாவது எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். கேட்டார்கள், சொன்னேன். முதல் தடவையில் தீ பனைமர உயரம். மூன்றாம் தடவையில் மலைக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. அம்மன் நின்று கொஞ்ச நேரம் என் தொழில் நிலவரம் விசாரித்தாள். அடுத்த வருஷத் திருவிழாவுக்கு சவுண்ட் செட் யாருக்கு என்று கமிட்டி கேட்டால் அவளையே கேட்டுக்கொள்ளச் சொன்னாள். மிச்சர் பொட்டலங்கள் தீர்ந்துபோயின.

எல்லோரும் போனபிறகு மாமா வந்து திண்ணையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். வெள்ளிக்கிழமை எடுத்த ரத்தப் பரிசோதனையில் உள்ளே இருப்பவர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லையாம். எப்போது எழுவார்கள் என்று டாக்டரம்மாவுக்கும் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

சரி. இவ்வளவு தூரம் படித்தவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். யானைகள் பொய். ஒரு மைல் பொய். குழி முப்பதடிகூட இருக்காது. தீ எழவில்லை, வெறும் கங்குதான். மூக்குத்தி பொய். அம்மன் பேசியது பொய்.

ஒரு கை நீண்டது மட்டும் நிஜம்.

வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவர் இறங்கிவிட்டார். தப்பு மேளக்காரர்கள் அடிக்கிறார்கள், பூசாரி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், கால் எனக்குக் கீழே இல்லை. குயிலி என் காதைப் பிடித்திருந்தாள். “என்னால முடியல” என்றேன். அதோடு வேறு எதையும் சேர்க்கவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கையை நீட்டினார்.

“குடு” என்றார்.

குடுத்தேன்.